கடைசிப் பத்து நிமிடம்

என் அப்பா எதையும் முடியும்வரை இருந்து பார்த்ததில்லை. சிதம்பரத்தில் தேர் நிலைக்கு வருவதற்கு முன்பே எங்களைக் கூட்டிக்கொண்டு சந்துக்குள் திரும்பிவிடுவார். சினிமாக் கொட்டகையில் வில்லன் பிடிபடும் நேரத்தில் நாங்கள் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கனை நீட்டிக்கொண்டிருப்போம். தொலைக்காட்சியில் கிரிக்கெட் நடந்தால் மூன்று ஓவர் மிச்சமிருக்கும்போது அணைத்துவிட்டு, "மீதிய நாளைக்குப் பேப்பர்காரன் ஆடிக் காட்டுவான்" என்பார். கடலூரில் ஓர் அலுவலகத்தில் அவர் எழுத்தர். தினமும் சிதம்பரத்திலிருந்து பேருந்தில் போய்த் திரும்புகிறவர். கூட்டம் கலைவதற்கு முன் கிளம்புகிறவனுக்கே உட்கார இடம் கிடைக்கும் என்பதை வாழ்க்கை அவருக்கு அன்றாடம் இரண்டு வேளை கற்பித்துக்கொண்டிருந்தது. ஆகவே அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆட்டங்களுக்கு முடிவு என்று ஒன்று உண்டு என்பதை அறியாமலேயே வெகுநாள் வளர்ந்தேன், அவ்வளவுதான்.

அம்மாவின் ஊர் காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில், வீராணம் ஏரிக்கரையின் சரிவுக்குக் கீழே இருக்கிறது. பொங்கல் கழிந்த கையோடு அங்கே கபடிப் போட்டி நடக்கும். இரவெல்லாம் ஆடி, இறுதி ஆட்டத்தைப் பொழுது விடியும் வேளையில் வைப்பார்கள். அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். போட்டி நாட்களில் மைக் அவர் கையில் இருக்கும். அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, ஊர் அணியில் ஏழாம் நம்பர் பனியன் போட்டு ஆடுகிறவர். பெரிய மாமாவுக்கு ஒரு நெறி உண்டு. மைக்கில் தம்பியைப் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ குறிப்பிடவே மாட்டார். "ஏழாம் நம்பர் பாடிப் போறாரு" என்பார், யாரோ வேற்றூர்க்காரரைச் சொல்வதுபோல. மைக் பிடித்தவனுக்குத் தம்பி கிடையாது என்பது அவர் வாதம்.

எனக்கு ஒன்பது வயதான அந்தத் தை மாதத்தில், சின்ன மாமாவின் மனைவியான அத்தைக்கு நிறைமாதம். இதுதான் கடைசி ஆட்டம், பிள்ளை பிறந்தபின் கோட்டைத் தாண்டுவதில்லை என்று மாமா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் கடைசி ஆட்டத்தைப் பார்க்க அத்தைக்கு ஆசை. மைதானம்வரை நடக்க அவளால் முடியாது. வீட்டு வாசல்வரை கேட்கும் ஒலிபெருக்கியை நம்பவும் அவளால் முடியாது.

"ஒங்க அண்ணன் மைக்க புடிச்சா பூனை புலியாயிடும்" என்றாள் மாமாவிடம். "கண்ணால பாத்தவங்க யாராவது வந்து எனக்குச் சொல்லணும்."

சின்ன மாமா என்னைப் பிடித்து அவள் முன்னால் நிறுத்தினார். "தோ, பாப்பா இருக்கால்ல. ஏ பாப்பா, கடைசி விசில் ஊதற வரைக்கும் எடத்த விட்டு அசையக் கூடாது, இன்னா?"

"வந்து நிக்கறப்ப என் மொத கேள்வி ஜெயிச்சீங்களா தோத்தீங்களா, அதான்" என்றாள் அத்தை என்னிடம். "மாமா மானத்தக் காப்பாத்தறேன்னு மழுப்பக் கூடாது."

எனக்கு வாய்த்த முதல் பதவி அது. அன்றிரவு முழுக்க, சொல்லப்போகும் விதத்தை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடியலில் அப்பாவும் நானும் மைதானத்துக்குப் போனோம். என் தம்பிக்குக் காய்ச்சல் என்று அம்மா சிதம்பரத்திலேயே தங்கிவிட்டாள். ஏழு மணிப் பேருந்தில் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பியாக வேண்டும். பத்து மணிக்குக் கடலூரில் கையெழுத்து. எங்களுக்கு விரித்திருந்த சாக்கில் உட்கார்ந்ததிலிருந்தே அவர் கண் கைக்கடிகாரத்தில் இருந்தது.

ஆட்டம் பாதியைத் தாண்டியபோது ஏரியிலிருந்து பனி இறங்கியது. தைப் பனி எனக்குப் புதிதல்ல. ஆனால் இது நடந்து வந்தது. முதலில் கரைமேல் நின்ற பனைகள் போயின. பிறகு ஒலிபெருக்கி கட்டிய கம்பம் போயிற்று. பிறகு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த கூட்டம் வரிசை வரிசையாக இல்லாமலாயிற்று. நிறுத்திவைக்கலாமா என்று நடுவர் கேட்டார். "இன்னும் கொஞ்ச நேரந்தான சார், ஆடிடறோம்" என்று இரண்டு அணியும் ஒரே குரலில் சொன்னதுதான் அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம்.

எங்கள் பக்கத்திலிருந்து நடுக்கோடு வரைதான் கண்ணுக்குத் தெரிந்தது. சின்ன மாமா கோட்டைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு உள்ளே போவார். இரண்டு எட்டில் கால்கள் கரையும். மூன்றாம் எட்டில் முதுகிலிருந்த ஏழு மட்டும் சற்றே மிதக்கும். பிறகு அதுவும் இருக்காது. "கபடி கபடி கபடி" என்ற குரல் மட்டும் வெண்மைக்குள் அங்குமிங்கும் அலையும். குரல் அறாதவரை அவர் இருக்கிறார் என்று பொருள். கூட்டம் மூச்சடக்கிக் கேட்கும். பிறகு ஒரு கை வெளியே வரும், அதன் பின்னால் ஆள் வருவார், விசில் ஊதும். ஒவ்வொரு முறையும், வேறு யாரோ அவருடைய பனியனைப் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்களோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன்.

பத்து நிமிடம் மீதமிருந்தது. நம் அணி ஐந்து புள்ளி பின்னால். அப்பா எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"கெளம்பு பாப்பா."

"முடியலப்பா. மாமா கடைசி வரைக்கும் இருக்கச் சொன்னாரு."

"தோக்கறத இருந்து வேற பாக்கணுமா? நாம பாத்தா அந்தாளுக்குந்தான் சங்கடம். மைக்ல கேக்குதுல்ல, கேட்டுக்கினே போலாம் வா."

நான் எழுந்தபோது சின்ன மாமா எங்கள் பக்கத்து ஓரத்தில் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எங்கள் சாக்கு இருந்த திசையில் திரும்பினார். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்தாரா, காலியான சாக்கைப் பார்த்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

கரைமேல் பனியில் நனைந்து களிமண் வழுக்கியது. அப்பா என் கையை இறுகப் பிடித்திருந்தார். மைதானத்திலிருந்து வர வேண்டிய சத்தம் ஏரிக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. கூட்டத்தின் இரைச்சல், விசில், பெரிய மாமாவின் குரல் எல்லாமே தண்ணீருக்கு அடியில் யாரோ நடத்தும் ஆட்டம்போல் கேட்டன.

"ஏழாம் நம்பர் பாடிப் போறாரு" என்றது ஒலிபெருக்கி.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. முந்நூறு பேர் கூடியிருந்த இடத்திலிருந்து இருமல்கூட எழவில்லை. நாங்கள் ஒரு மதகைக் கடந்தோம். அடுத்த பனைவரை நடந்தோம். அப்போதும் ஒன்றுமில்லை. இறங்குபாதைக்கு நாங்கள் வந்தபோதுதான் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி பேசிற்று. "ஏழாம் நம்பர்... திரும்பி வந்துட்டாரு. ரெண்டு பாயிண்ட்."

நான் குதித்தேன். அப்பா நின்றுவிட்டார். தூரத்துப் பேருந்தின் ஓசையைப் பிரித்தறியும்போது தலையைச் சாய்ப்பாரே, அப்படிச் சாய்த்துக் கேட்டார். பிறகு என்னை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

அத்தை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வயிற்றின்மேல் ஒரு கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். தெருவில் வேறு ஒருவரும் இல்லை. ஊரே மைதானத்தில் இருந்தது.

"இன்னாண்ணா அதுக்குள்ள வந்துட்டீங்க? மைக்கு இன்னும் கத்துதே."

"துண்ட அங்கியே விட்டுட்டேம்மா. பாப்பா இருக்கட்டும். தோ வந்துடறேன்."

துண்டு அவர் தோளில்தான் கிடந்தது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்பா திரும்பி ஓடினார். அவர் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. முன்கூட்டியே கிளம்புகிறவருக்கு ஓட வேண்டிய தேவை எப்போது வந்தது?

எனக்கு இருந்த கவலை வேறு. பதவியைப் பாதியில் விட்டு வந்தவள் நான். அது தெரிந்துவிடக் கூடாது.

"இப்ப ரெண்டு பாயிண்ட் எடுத்தாருல்ல அத்தை, அத பாத்துட்டுதான் வந்தேன்."

மைதானத்துக்கும் வீட்டுக்கும் பத்து நிமிட நடை. அத்தை என் முகத்தைப் பார்த்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"கண்ணால?"

"கண்ணால."

அவள் தலையசைத்தாள். ஒலிபெருக்கி தொடர்ந்தது. எதிரணிக்காரர் பிடிபட்டார், நமக்கு ஒரு புள்ளி. சிறிது நேரம் கழித்து இன்னொரு புள்ளி. அத்தை தெருக்கோடியில் நின்ற வெண்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விசிலே ஊதலையே பாப்பா?"

"பனியில கேக்காது அத்தை."

"ஆமாம்" என்றாள். "பனி."

அப்போதுதான் பெரிய மாமா அதைச் சொன்னார். "என் தம்பி பாடிப் போறான்" என்றது ஒலிபெருக்கி. "என் தம்பி உள்ள போறான்... போயிக்கினே இருக்கான்."

மைக்கில் தம்பி வந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நெறி தவறிய மகிழ்ச்சி என்று எண்ணிக்கொண்டேன். என் மணிக்கட்டில் அத்தையின் விரல்கள் இறுகின. வலித்தது. ஆனாலும் விடச் சொல்லவில்லை.

பிறகு அவள் கேட்கத் தொடங்கினாள். முட்டிக்குப் பட்டை கட்டியிருந்தாரா? குளுக்கோஸ் தண்ணீர் குடித்தாரா? கோட்டைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாரா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். அது போதாதென்று தோன்றவே, காணாததையும் சேர்த்தேன். கணுக்காலைப் பிடித்த ஒருவனை மாமா எப்படி உதறினார், இருவரை எப்படி இழுத்துக்கொண்டே வந்து கோட்டைத் தொட்டார், எழுந்து எப்படிச் சிரித்தார். அத்தை கண்ணை மூடிக் கேட்டாள். ஒலிபெருக்கி ஒன்று சொல்லும். நான் அதற்குக் கையும் காலும் வைப்பேன். ஒலிபெருக்கியும் நானும் முறைவைத்துக்கொண்டு சின்ன மாமாவை ஆடவிட்டோம்.

பத்து நிமிட ஆட்டம் முடிகிறபாடாயில்லை. பொழுது புலர்ந்தும் பனி விலகவில்லை. கரைமேல் ஏழு மணிப் பேருந்து ஒலியெழுப்பி நின்று, கொஞ்சம் காத்திருந்து, போய்விட்டது. என் அறிவில் அப்பா தவறவிட்ட முதல் பேருந்து அதுதான். அதன் பிறகும் நெடுநேரம் ஆடி, கடைசியில் நம் ஊர் இரண்டு புள்ளியில் வென்றதாகப் பெரிய மாமாவின் குரல் சொன்னது. வழக்கமாக வெற்றி என்ற சொல் முடிவதற்குள் பாட்டுப் போட்டுவிடுவார்கள். அன்று பாட்டு வரவில்லை. மைக்கை அணைக்கும் "டக்" ஓசை மட்டும் தெருவுக்குள் வந்து நின்றது.

அதற்குப் பின் பனிக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். முன்னால் பெரிய மாமாவின் மனைவி, அவளோடு துணை சுகாதார நிலையத்து நர்சம்மா, பின்னால் தெருப்பெண்கள், எல்லோருக்கும் பின்னால் அப்பா. ஒரு செருப்பின் ஓசைகூட இல்லை. அப்பாவின் தோளில் இப்போது துண்டு இல்லை.

மீதியைப் பின்னாளில் துண்டு துண்டாக அறிந்துகொண்டேன். நாங்கள் கரைமேல் நடந்தபோது பனிக்குள் போன குரல் பாதியில் அறுந்தது. பிடித்தவர்கள் நால்வர், விழுந்தபோது மாமாவின் கழுத்து அடியில் மாட்டிக்கொண்டது. வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மைக் அடங்கினால் அத்தை எழுந்து, அந்த வழுக்கும் கரைமேல், நிறைவயிற்றோடு தனியே ஓடி வருவாள் என்று பெரிய மாமாவுக்குத் தெரியும். நர்சம்மாவைக் கூட்டிவர ஆள் போயிருந்தது. அதுவரை அவர் காலியான களத்தைப் பார்த்தபடி, யாருமே ஆடாத ஓர் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருவர்கூட எழுந்து போகவில்லையாம். அவர் சொல்லி முடிக்கும்வரை, தலையில் பனி சொட்டச் சொட்ட, முந்நூறு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அன்று அந்த மைதானத்திலிருந்து முன்கூட்டிக் கிளம்பியவர்கள் இரண்டே பேர்.

அப்பா இப்போது என்னோடு கடலூர் செம்மண்டலத்தில் இருக்கிறார். மாலையில் மைதானப் பக்கம் நடக்கப் போனால் யார் ஆடினாலும் உட்கார்ந்துவிடுவார், தெருப் பையன்களின் டென்னிஸ் பந்து ஆட்டமாக இருந்தாலும். வென்றது யார் என்று அவருக்குப் பெரும்பாலும் தெரியாது. ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு கடைசிப் பையன் சைக்கிளில் ஏறிய பிறகே எழுந்து வருவார்.

அந்தக் காலையின் ஒரு நொடி மட்டும் எனக்குப் பாக்கியிருக்கிறது. பெண்கள் வாசலை நெருங்கியபோது, அத்தை முதல் கேள்வியைக் கேட்கப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். விடை என் நாக்கு நுனியில் இருந்தது. நர்சம்மா அவள் தோளில் கை வைத்தார். அத்தை என் மணிக்கட்டை விட்டாள். அங்கே நான்கு விரல் பதிந்து சிவந்திருந்தது. நாற்காலியைப் பிடித்து மெல்ல எழுந்து, என் தலையை ஒருமுறை தடவிவிட்டு, யாரையும் எதுவும் கேட்காமல் உள்ளே நடந்தாள்.

மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். வந்து சொல்ல வேண்டியவள் நானல்லவா? பெண்களை விலக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன்.

"ஜெயிச்சிட்டோம் அத்தை" என்றேன். "ரெண்டு பாயிண்ட்ல."