பொன்னியம்மாளிடம் கேட்கப்படாத கேள்வி

2004 ஜூன் 9 அன்று நடந்ததன் மீதான குற்றச்சாட்டு இது: மார்பில் புற்றுநோய் வந்தது பொன்னியம்மாளுக்கு, செய்தி சொல்லப்பட்டதோ அவர் கணவர் சாமுவேலுக்கு. நோயாளிகளின் மனக்கலக்கத்தைக் கேட்டுத் தெளிவு சொல்ல, அந்த மருத்துவமனையில் ஜோதிகா என்றோர் ஆலோசகர் இருந்தார். "உங்க வீட்டம்மாவ அவங்ககிட்ட அனுப்பலாமா?" என்று டாக்டர் கேட்டதும் சாமுவேலிடம்தான்.

"வேணாங்க. அவளுக்கு விஷயமே தெரியாது."

பொன்னியம்மாள் அப்போது கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீடு வீடாகப் போய்ப் பாவு பிணைப்பவர் அவர். தறியில் முடியப்போகும் நெடுக்கு நூலான பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப்பாவின் இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிவிடும் வேலை. பள்ளிக்கூடம் போகாமல், வேதாகமத்தை வைத்துத் தாமே எழுத்துக் கூட்டிப் படித்தவர். ரேஷன் ரசீதைக்கூடத் தேதிவாரியாக அடுக்கி வைப்பார். ஆஸ்பத்திரிக் காகிதங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. "சத்து ஊசி" என்றார்கள். ஊசி ஏற ஏற முடி கொட்டியது. விரல் நுனி மரத்து இழை நழுவியது. ஏதோ பெரிய வியாதி என்று புரிந்தும், பிழைப்போமா என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் சாமுவேல் உடைந்துபோவார் என்று பயம்.

ஜூலை 18, ஞாயிறு. மனைவி வீட்டில் படுத்திருப்பாள் என்று நம்பி, சாமுவேல் சபை ஜெபத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார். பொன்னியம்மாளோ முக்காடு போட்டுக்கொண்டு தாமதமாக வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்துவிட்டார். "புற்றுநோயால் பாடுபடும் நம் சகோதரி பொன்னியம்மாளுக்காக..." என்று போதகர் மைக்கில் தொடங்க, சபையே திரும்பிப் பார்த்தது.

வெளியே வந்ததும் கணவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்யா, ஊருக்கே சொல்லிகினு என்னாண்ட மட்டும் மறைச்சியா?"

"நீ அழுவியேன்னு..."

"நான் அழுதனா? நீதான் குழாயடில போய் மூஞ்சி கழுவிகினே இருந்த. அவ்ளோ அழுக்கா உம் மூஞ்சில?"

சாமுவேலுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவருக்கும் பாரம் இறங்கியிருந்தது; ஆலோசகரைப் பற்றி டாக்டர் கேட்டதையும் தாம் மறுத்ததையும் சொல்லிவிட்டார்.

அந்த வாரமே ஜோதிகாவின் அறையில் பொன்னியம்மாள் தனியாக உட்கார்ந்தார். அரைமணி நேரம் அழுதார்; யாரும் தடுக்கவில்லை. பிறகு கேட்டார்: "நான் பொழைப்பனாம்மா? இந்த விரலு திரும்புமா?"

"தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லமாட்டேன்மா. வாங்க, டாக்டரையே கேக்கலாம். நான் கூட இருக்கேன்."

நோய் பரவவில்லை, ஊசி முடிந்தபின் மரத்தல் பெரும்பாலும் குறையும் என்றார் டாக்டர். பொன்னியம்மாளுக்கு வாரக்கணக்கில் இல்லாத பசி எடுத்தது. பஸ் நிலையத்தில் இரண்டு தோசை சாப்பிட்டு, மூன்றாவதைக் கணவரின் இலையிலிருந்து பிய்த்துக்கொண்டார்.

அடுத்த நாள் மருத்துவமனைக்கு மனு எழுத உட்கார்ந்தார். சாமுவேல் எட்டிப் பார்த்தார்.

"எம் பேரு எதுக்கு? நான் குத்தவாளியா?"

"சாட்சி. நகருய்யா, வெளிச்சத்த மறைக்காத."

மனு இப்படி முடிந்தது: "அன்று என்னிடம் கேட்டிருந்தால் இத்தனை வாரம் நான் தனியே பயந்திருக்கமாட்டேன். இனி ஆலோசனை வேண்டுமா என்று நோயாளியிடமே கேட்கப்படுமா, அப்படிக் கேட்கும் பொறுப்பு யாருடையது என்பதைத் தெரிவித்து, எழுத்துமூலம் பதில் தருமாறு கோருகிறேன்."