பாண்டி பஜாரில் உட்கார்ந்துவிட்ட கார்

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். இந்நேரத்தில் போன் என் கையில் இருப்பது அம்மாவுக்குத் தெரிந்தால் தொலைந்தேன். ஆனால் இதை யாரிடமாவது சொல்லாமல் தூக்கம் வராது.

போன மழையில் நான் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தேன். மறுநாளே அப்பா தேடிப்பிடித்து வாங்கியது இந்தப் பழைய சொகுசு எஸ்யூவி.

"இன்னொரு தடவை நடுரோட்டுல நின்னா வித்துருவோம்" என்று அம்மா முடிவாகச் சொல்லியிருந்தாள்.

இன்று டியூஷன் முடிந்து அப்பாவோடு வரும்போது கார் பாண்டி பஜாரில் நின்றது. நின்றதோடு விடவில்லை. காரைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனில் காற்று இறங்கி, யானை படுப்பதுபோல் மெல்ல உட்கார்ந்துவிட்டது.

பூ விற்கும் அக்கா, "இன்னா சார், வண்டி சாமி கும்பிடுதா?" என்று சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. "பாப்பா, அம்மாகிட்ட டிராஃபிக்னு சொல்லிரலாம். இத வித்துட்டா நீ மறுபடி மழையில ஸ்கூட்டர்லதான போணும்" என்றார்.

கார் இழுவை வண்டியில் வந்தது. நாங்கள் ஆட்டோவில் வந்தோம்.

"ஒரே டிராஃபிக்மா" என்றேன்.

அம்மா ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். "அப்படியா? அந்த டிராஃபிக்கைக் கொக்கி போட்டு இழுத்துட்டு வந்த அண்ணனுக்கும் காபி போடவா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அவர் கையிலிருந்த கிரீஸைத் தன் முந்தானையால் துடைத்தாள். "மழைக்காலம் முடியட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

கே.கே. நகர் பக்கம் நல்ல மெக்கானிக் தெரிந்தால் சொல்லுங்கள். டிராஃபிக்கைவிட நல்ல பொய் தெரிந்தாலும் சொல்லுங்கள்.