வாழைத்தண்டுத் தெப்பம்

மே மாதம், நைனிதால் ஏரி. தம்பியும் நானும் போன படகின் துடுப்பில் பாசி சிக்கியது. அந்த வாசனையில் எனக்கு எங்கள் ஊர் சுசீந்திரம் நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது எனக்கு ஆறு வயது. குளம் உடைந்து வயலும் பாதையும் மூழ்கிக் கிடந்த காலையில் அம்மாவுக்கு வலி கண்டது. மருத்துவச்சி வீடு அக்கரை மேட்டில் இருந்தது. அப்பா வாழைத்தண்டுகளைத் தெப்பமாகக் கட்டி அம்மாவைப் படுக்கவைத்தார். என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் முன்னால் இழுக்க, அம்மாவின் தங்கை பின்னால் தள்ளினாள். சித்திக்குக் கழுத்தளவு தண்ணீர்.

"ஏட்டி, ஒனக்குப் பயமா இருக்கா?" என்றாள் அம்மா.

"மிண்டாம கெட அக்கா, கரை வந்தாச்சு" என்று அவளைப் பேசவிடாமல் அடக்கினாள் சித்தி.

மேட்டு வீட்டில் தம்பி பிறந்தான். அவனைக் கையில் வாங்கிய பிறகுதான் சித்தி மெல்லச் சொன்னாள்: "எனக்கு நீச்சல் தெரியாதுக்கா."

அம்மா படுத்தபடியே சித்தியின் ஈரத்தலையை முந்தானையால் துவட்டினாள்.

ஏரி நீரில் கையை அளைந்துகொண்டிருந்த தம்பி, "தண்ணி நல்ல குளிரு" என்றான்.