இரண்டுக்கு மேல் வாங்காத பெட்டி

போன வாரம் முட்டிவலிக்குப் படம் எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தேன். ஏனாத்தூர் போகிற வழியில் புதிதாக ஒரு ஸ்கேன் சென்டர். கண்ணாடிக் கதவு, உள்ளே மார்கழி விடியற்காலை மாதிரி சில்லிப்பு. எடுத்து முடித்ததும் கவுண்டரில் நின்று ஃபிலிம் கேட்டேன். அங்கிருந்த பெண் என் போனை வாங்கி எதையோ அழுத்தித் திருப்பிக் கொடுத்தது.

"ஃபிலிம்லாம் இப்ப கிடையாது ஆயா. படம் போன்லயே வந்துடும். எத்தினி வருசம் கழிச்சு கேட்டாலும் இருக்கும். இடத்துக்கு இன்னா பஞ்சம்?"

நல்ல பெண், சிரித்த முகம். ஆனால் அந்தக் கடைசிப் பேச்சு காதில் விழுந்ததும் எனக்கு எரிச்சல் கிளம்பிவிட்டது. அன்றைக்கும் இடத்துக்குப் பஞ்சம் இல்லையம்மா என்று ஆரம்பித்தேன். அது அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டது. அதனிடம் சொல்ல முடியாமல் போனதை உங்களிடம் சொல்கிறேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான், மெதுவாகத்தான் வரும். அவசரம் இல்லையென்றால் உட்காருங்கள்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அப்போது ஒரு ஸ்கேன் சென்டர் இருந்தது. மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர் ஆரம்பித்தது. பெருக்கித் துடைப்பது, டீ போடுவது, வருகிறவர்களைத் தாலி, கம்மல் எல்லாம் கழற்றச் சொல்லி உள்ளே அனுப்புவது என் வேலை. அதற்கு முன்னால் என் கால் சேற்றில் படாத நாள் கிடையாது. திருப்புலிவனத்தில் எங்கள் தெருவிலிருந்து இஸ்திரி போட்ட புடவையோடு ஏ.சி.க்குள் வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். பெருமையாகத்தான் சொல்கிறேன், அதில் என்ன குறைச்சல்? என் தம்பி ஏகாம்பரம் மட்டும் கேலி பண்ணுவான். சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கினால், "ஸ்கேன் மகாராணி வராங்க, வழி வுடுங்கடா" என்பான்.

சென்டரின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த அறைக்கென்று ஒரு வாசனை உண்டு. குளிர்ந்த இரும்பும் லேசாகச் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்தது. இன்றைக்கும் ஏ.டி.எம். கதவைத் திறந்தால் அதே வாசனை வருகிறது, நானும் என்னை அறியாமல் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுகிறேன். பின்னால் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அந்த அறையில்தான் சர்வர் என்கிற பெட்டி இருந்தது. இரும்புச் சட்டத்துக்குள் மினுக் மினுக்கென்று பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். எடுத்த படமெல்லாம் அதற்குள்தான். ஈரத்துணி படாமல் அந்த அறையைத் துடைக்க என்னை மட்டும்தான் விடுவார்கள்.

கம்ப்யூட்டர் வேலைக்குக் காஞ்சிபுரத்திலிருந்து தயாளன் என்று ஒருத்தர் வருவார். எப்போதும் தூக்கம் போதாத கண், எத்தனை டீ கொடுத்தாலும் குடிப்பார். ஒருநாள் அந்தப் பெட்டியைக் காட்டி, இதற்குள் நாலு மிஷின் இருக்கிறது என்றார். எட்டிப் பார்த்தேன், ஒன்றுதான் இருந்தது. மற்றது கண்ணுக்குத் தெரியாதாம். இரும்பு ஒன்றுதான், அதற்குள் தன்னைத் தனி மிஷின் என்று நினைத்துக்கொண்டு ஓடுகிறவை நாலு. ஒன்று பில் போட, ஒன்று படம் வைக்க, மற்றது எதற்கென்று எனக்கு மறந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு உனக்கு என்று இடம் பிரித்துக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுப்பதற்குப் பெயர் டிஸ்க். வம்பு அங்கேதான். ஒரு டிஸ்க் இரண்டு டி.பி.க்கு மேல் போகக் கூடாது என்று, மிஷினை நாலாகப் பிரிக்கிற அந்த சாஃப்ட்வேரில் கட்டுப்பாடு. டி.பி. என்பது நெல்லுக்கு மூட்டை போலப் படங்களுக்கு ஓர் அளவு. பெட்டியில் இடம் காலியாகக் கிடக்கும். ஆனால் ஒரு டிஸ்க் இரண்டுக்கு மேல் ஒரு பிடி வாங்காது.

எனக்கு ரேஷன் கடை ஞாபகம் வந்தது. குடோனில் கூரை முட்ட அரிசி அடுக்கியிருக்கும். ஒரு கார்டுக்கு இவ்வளவுதான் என்பார்கள். அதனால்தானே எங்கள் தெருவில் மகனுக்குக் கல்யாணம் ஆன கையோடு கார்டைப் பிரிப்பது? சமையல் ஒரே அடுப்பில்தான். விசாரிக்க ஆள் வருகிற அன்றைக்கு மட்டும் பின்பக்கம் மூன்று கல்லை வைத்து இன்னொரு அடுப்பு மூட்டிப் புகை காட்டுவோம். தயாளனிடம் இதைச் சொன்னதும் டீ புரையேறிவிட்டது.

"அதேதாங்க்கா. எனக்கு முன்ன இருந்தவன் மூணு கார்டு எடுத்து ஒரே அடுப்புல பொங்கி வச்சிட்டு போயிட்டான்."

அதாவது, மூன்று தனித்தனி டிஸ்க்கை ஒட்டவைத்து, இது ஒரே டிஸ்க் என்று படம் வைக்கிற மிஷினை நம்பவைத்திருந்தான் அந்தப் பையன். பெட்டியில் இடம் இருந்தும் மூன்றாவது துண்டை அந்த சாஃப்ட்வேர் அதற்குள் விடாததால், மேலே ஒரு குட்டிப் பெட்டியை வைத்து ஒயர் போட்டு இழுத்திருந்தான். ஓடிக்கொண்டிருந்த வரை யாருக்கும் தொந்தரவு இல்லை. அவன் வெளிநாடு போய்விட்டான்.

இப்போது என் தம்பி கதைக்கு வர வேண்டும். அவன் மூட்டை தூக்குகிறவன். ஒரு தடவை வைக்கோல் லாரி மேலிருந்து விழுந்து, எங்கள் சென்டரிலேயே மார்பு ஸ்கேன் எடுத்தோம். எலும்பு ஒன்றும் முறியவில்லை. அந்த நாளிலேயே எங்கள் முதலாளி ஃபிலிம் கொடுப்பதை நிறுத்தியிருந்தார். ஒரு தாளும் ஒரு சி.டி.யும்தான் தருவார். தாள் கூரை ஒழுகி நனைந்து போயிற்று. சி.டி.யை என் தம்பி என்ன பண்ணினான் தெரியுமா? காவல் காத்த வேர்க்கடலைக் கொல்லையில் குச்சி நட்டு, நூலில் கட்டித் தொங்கவிட்டான். வெயில் பட்டுப் பளீரென்று அடிக்கும், காக்கா, கிளி எதுவும் வராது. "என் நெஞ்ச பாத்து கிளியே பயப்படுது பாரு" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். ஒரு பருவம் முழுக்க அது வெயிலிலும் மழையிலும் சுற்றித் தோல் உரிந்துவிட்டது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான்.

இரண்டு வருசம் போல ஆகியிருக்கும். அவனுக்கு விடாத இருமல். பெரியாஸ்பத்திரியில் மறுபடியும் படம் எடுத்தார்கள். நுரையீரலில், வலது பக்கம் ஓரத்தில், ஒரு பொட்டு தெரிகிறது என்றார் டாக்டர். பீடி குடிக்கிறவன் என்பதால் அவருக்குச் சந்தேகம். ஆனால் பொறுமையாகச் சொன்னார்: பழைய படம் கொண்டுவாருங்கள், வெறும் தாள் போதாது, நான் அளந்து பார்க்க வேண்டும், அன்றைக்கும் இதே பொட்டு இதே அளவில் இருந்தால் பயமில்லை, விட்டுவிடலாம், இல்லையென்றால் ஊசி போய்ச் சேராத இடம், விலாவைத் திறந்து எடுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

நான் வேலை செய்கிற இடத்தில்தானே படம் இருக்கிறது, இரண்டே நாளில் கொண்டுவருகிறேன் என்றேன். டாக்டர் முன்னால் நிமிர்ந்து நின்று சொன்னேன்.

நான் படம் கேட்டது ஆயுத பூஜை முடிந்த மறுநாள். பூஜையன்று எங்கள் முதலாளி எல்லா மிஷினையும் நிறுத்தச் சொல்லியிருந்தார். சர்வரை நிறுத்த வேண்டாம் என்று தயாளன் போனில் எவ்வளவோ மன்றாடினார். இவர் கேட்கவில்லை. "வருசம் பூரா உழைக்கிற மிஷினு. ஒரு நாள் மூச்சு வுடட்டும்யா." சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து நன்றாகத்தான் செய்தோம். சந்தனம் கரைத்தது நான்தான்.

மறுநாள் சுவிட்சைப் போட்டதும் பச்சை விளக்கெல்லாம் வந்துவிட்டது. பில் வந்தது. படம் மட்டும் வரவில்லை. மேலே இருந்த குட்டிப் பெட்டியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பெரிய பெட்டிக்கு அதன் அடையாளமே தெரியவில்லை. நிறுத்திப் போட்டால் தானாக மறுபடி சேர்ந்துகொள்கிற மாதிரி அந்தப் பையன் செய்து வைக்காமல் போயிருக்கிறான். எந்த வழியில் சேர்த்தான், என்ன பாஸ்வேர்டு போட்டான் என்று தயாளனுக்குத் தெரியாது. ஒரு துண்டு வராவிட்டால் போகட்டும், மற்ற இரண்டையாவது காட்டச் சொல்லுங்கள் என்றேன். மூன்றும் கூடினால்தான் கதவே திறக்குமாம். வேறெங்காவது ஒரு நகல் எடுத்து வைத்திருப்பார்களே என்றேன். வைத்துக்கொண்டுதான் இருந்தார்களாம். அந்த நகல் போகிற டிஸ்க்குக்கும் அதே இரண்டுதான் அளவு. அது நிரம்பி நின்றுபோனதை யாரும் பார்க்கவில்லை.

திரையில் ஒரு கேள்வி மட்டும் வந்து நின்றது.

"புதுசா ஆரம்பிக்கட்டுமான்னு கேக்குதுக்கா. ஆமான்னு ஒரு தட்டு தட்டினா மிஷின் ஓடும். முதலாளியும் அதத்தான் சொல்றாரு. ஆனா உன் தம்பி படம் போயிடும். ஊர்ல கீற அத்தினி பேர் படமும் போயிடும்." சொல்லிவிட்டு தயாளன் இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலாளி வந்து வந்து திட்டிவிட்டுப் போனார். அந்த மனிதர் கையை வெளியே எடுக்கவில்லை. அந்த மட்டும் அவருக்கு நான் கடமைப்பட்டவள்.

அந்தப் பையனின் பழைய நம்பரில் யாரும் எடுக்கவில்லை. வீடு தாமல் என்றார்கள். பஸ் ஏறிப் போனேன். ஏரிக்கரைப் பக்கம் விசாரித்து விசாரித்து அவன் அம்மாவைப் பிடித்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தது அந்த அம்மா.

"ஞாயித்துக்கெயம தான் பேசுவான் கண்ணு. நாம போட்டா போவாது, அவன் போட்டாதான் உண்டு. வந்தா சொல்றேன், நீ பேஜார் படாத. ஒரு வாய் நாஷ்டா துன்னுட்டு போ."

அன்றைக்குத் திங்கள். ஏரி நிறையத் தண்ணீர், அதன் பக்கத்திலேயே நடந்து வந்தேன், ஒரு வாய் குடிக்கத் தோன்றவில்லை.

டாக்டரிடம் ஞாயிறு வரை பொறுக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை அறுவைக்கு இடம் கிடைத்திருக்கிறது, விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது, கெட்ட கட்டியாக இருந்தால் தாமதம் ஆபத்து என்றார். படம் ஞாயிறன்று நிச்சயம் வருமா என்று அவர் கேட்டார். தம்பியும் கட்டிலிலிருந்து என்னைத்தான் பார்த்தான்.

"படம் வருமாக்கா?"

"தெரியலடா."

"நீ அங்கதானக்கா கீற."

அறுவைக்குச் சம்மதம் என்கிற காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

வியாழக்கிழமை வலது விலாவைத் திறந்தார்கள். ஞாயிறு காலை அந்தப் பையன் போன் போட்டான். தயாளன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவன் சொன்னதைச் சொன்னபடி அடித்தார். நான் வைத்த டீ ஆறுவதற்குள் எல்லாப் படமும் வந்துவிட்டது. தம்பியின் படமும் வந்தது. அதே ஓரம், அதே பொட்டு, அதே அளவு. ஆஸ்பத்திரிப் படத்தையும் அதையும் பக்கத்தில் வைத்து அளந்துவிட்டு தயாளன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எப்போதோ வந்து ஆறிய காசநோய்த் தழும்பாம். அறுத்து எடுத்த துண்டைச் சோதித்ததில் பிறகு அப்படித்தான் வந்தது. ஊரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. முதலாளி ஆப்பிள் வாங்கி வந்து, "சாமி காப்பாத்திட்டாரு, ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு பாரு" என்றார். ஒன்றும் இல்லாததற்கா அறுத்தீர்கள் என்று நான் யாரிடம் கேட்பது? நல்ல சேதி வந்த வீட்டில் கோபப்படுகிறவளைப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரு மாதிரியாக இருந்தது. டாக்டர் பேரில் தப்பில்லை. தயாளன் பேரில் இல்லை. அந்தப் பையனும் இடம் இல்லாத இடத்தில் ஏதோ வழி பண்ணினவன்தான். இடம்தான் இருந்ததே! இரண்டு என்று அளவு வைத்த மகராசன் யாரோ, எந்த ஊரோ, அவனை எங்கே போய்த் தேடுவேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முதலாளி சர்வரை நிறுத்தச் சொல்லவில்லை. ஓட ஓடவே பொட்டு வைத்தோம். அதற்குப் பின்னால் ஒருநாள் தயாளன் வந்து, புது சாஃப்ட்வேரில் அந்த அளவை எடுத்துவிட்டார்கள் என்றார். இப்போது ஒரே டிஸ்க் அறுபது டி.பி. வரைக்கும்கூடப் போகுமாம். நல்ல சேதி சொல்கிற மாதிரிதான் சொன்னார். நான் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

அந்த சென்டரும் இப்போது இல்லை. செருப்பு விட்டுப் போன அறையில் செல்போன் கவர் விற்கிறார்கள். கொல்லையில் கட்ட சி.டி. கேட்டால் பிள்ளைகள் விழிக்கிறார்கள். வெயிலில் தூக்கிப் பிடித்து எலும்பை எண்ணிப் பார்த்த ஃபிலிமும் போயிற்று.

அன்றைக்கு முட்டிக்குப் படம் எடுத்து வந்ததும், ஏகாம்பரம் வாசலில் உட்கார்ந்திருந்தான். மூட்டை தூக்குவதை விட்டு வெகு நாளாகிறது. செங்கல் சூளையில் காவல் இருக்கிறான்.

"படம் எங்க மகாராணி?"

போனைக் கொடுத்தேன். அதைப் புரட்டிப் பார்த்து, "இத வெயில்ல காட்டினா எலும்பு தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டே சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். இடது கையால்தான் தூக்கினான். வலது கை அந்த உயரத்துக்கு வருவதில்லை.