வேண்டாம் என்றவர்களிடம் ஒரு கேள்வி

எனக்கு எழுபத்து மூன்று வயது. வளர்த்தது ஆறு பேர். நான் பெற்றது ஐந்து, ஆறாவது என் கடைசி மகளின் மகள். மகளும் மருமகனும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனபோது, மூன்று வயதுப் பிள்ளையாக அவளை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். முதல் ஐந்தும் தானாக வளர்ந்தன என்றுதான் சொல்ல வேண்டும். திருவாதவூரில் நானும் என் வீட்டுக்காரரும் பொழுதுக்கும் அடுத்தவர் வயலில் கிடந்தோம், பிள்ளைகளைப் பார்க்க நேரம் ஏது? ஆறாவதைத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்த்தேன். அவள் இப்போது சட்டம் படிக்கிறாள். இதைச் சொல்லும்போது நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருவேன். யாரும் ஒன்றும் நினைத்துக்கொள்ளக் கூடாது.

நான் முதியோர் கல்வியில் எழுத்துக் கூட்டக் கற்றவள். பேப்பரில் கொட்டை எழுத்து வாசிப்பேன். அதனால் இதை எழுத எனக்குப் பல நாள் ஆனது. எனக்கென்ன அவசரம்?

சட்டம் படித்தால் கருப்புக் கோட்டுப் போட்டு கோர்ட்டில் நிற்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒத்தக்கடைக்கு நாங்கள் வீடு கட்டி வந்த பிறகு, காலையில் அப்படிப் போகிறவர்களை பஸ்ஸில் தினமும் பார்க்கிறேன். கோர்ட் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் இவள் ஆசைப்பட்டது வேறு. பம்பாயிலும் மெட்ராசிலும் சட்டக் கம்பெனிகள் இருக்கின்றனவாம். அங்கே உள்ள வக்கீல்கள் கோர்ட் வாசலையே மிதிக்க மாட்டார்களாம். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கும்போது காகிதமெல்லாம் பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் வேலையாம்.

“கம்பெனியைக் கம்பெனி வாங்குமா? மாடு வாங்குற மாதிரியா?” என்று கேட்டேன்.

“அதேதான் அம்மாச்சி. பல்லைப் பிடிச்சுப் பாத்துச் சொல்றது நாங்க.”

அந்த வேலை படிப்பு முடிந்ததும் நேரே கிடைத்துவிடாது. படிக்கும்போதே லீவு மாதத்தில் அவர்கள் ஆபீசில் போய் உட்கார்ந்து பழக வேண்டும். இன்டர்ன்ஷிப் என்கிறார்கள். அப்படிப் பழகியவர்களில் பார்த்துத்தான் பின்னால் வேலைக்கு எடுப்பார்களாம். பழகப் போவதற்கே ஊர்ப்பட்ட பேர் எழுதிப் போட்டு, அதில் விரல் விட்டு எண்ணுகிற மாதிரி எடுப்பார்களாம். இவளும் எழுதிப் போட்டாள். படிப்பில் அது நாலாவது வருசம். இந்த மே மாதத்துக்கு ஓர் இடம் கிடைக்காவிட்டால் இந்த ஆசையை விட்டுவிட்டு, அவள் அம்மா சொல்கிறபடி பேங்க் பரீட்சைக்குப் படிப்பது என்று தாயும் மகளும் போனில் பேசி முடிவு செய்திருந்தார்கள்.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். இனிஷியல் என்ன என்று வாத்தியார் கேட்டதும், மனிதர் தன் பேரையே சொல்லிவிட்டு வந்துவிட்டார். அது அப்படியே எல்லாச் சான்றிதழிலும் ஏறிவிட்டது. கம்பெனிக்காரர்கள் எழுத்து ஒன்றை மட்டும் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், குடும்பப் பேரை முழுதாகக் கேட்பார்கள். நமக்கேது குடும்பப் பேர்? இவள் தாத்தா பேரைப் போட்டாள். அதனால் பதில் வந்தாலும் இவளை விட்டுவிட்டு அவர் பேருக்குத்தான் வரும்.

முதல் பதில் வந்த மத்தியானம் இவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

“அம்மாச்சி, தாத்தாவுக்கு பம்பாய்ல இருந்து கடிதாசி.”

“அவரு போய்ச் சேந்து இம்புட்டு வருசமாச்சு, அவருக்கு என்னடி கடிதாசி?”

“டியர்னு போட்டு அவுக பேரைத்தான் போட்டிருக்காக. டியர்னா அன்புள்ள.”

நான் போனை வாங்கிப் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை, புருசன் பேரைச் சொல்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அதில் ஒரு ழ வரும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், எழுத்தைச் சொன்னால் குற்றமில்லை. வேலை செய்த வயல்களில் அவரைப் பாதிப் பேரும் ஒரு ‘டா’வும் சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள். அவரைவிட வயதில் சின்னவர்களும் அப்படித்தான். அந்தப் பேருக்கு முன்னால் ஒரு பெரிய ஆபீஸ் அன்புள்ள என்று போட்டிருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

“என்ன எழுதியிருக்காக?”

“வேணாமாம். ரொம்ப வருந்துறாகளாம்.”

“அம்புட்டுப் பெரிய ஆபீசு வருத்தப்படுதா?”

“எல்லாருக்கும் அப்படித்தான் அம்மாச்சி அனுப்புவாக.”

“வருத்தப்படுறவுக எதுக்கு வேணாங்குறாக?”

அவள் எழுந்து போனாள். முகத்தைக் கழுவி, சோற்றைத் தின்றுவிட்டு, அடுத்த கம்பெனிக்கு எழுத உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொல்லக் கேட்டவள் உடனே அடுத்த வாசலில் போய் நிற்கிறாளே என்று நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு வந்ததெல்லாம் அதே வருத்தம்தான். எத்தனை என்று நான் எண்ணவில்லை. சில கம்பெனிகள் வருந்தக்கூட இல்லை, பதிலே போடவில்லை. மெல்ல மெல்ல இவள் சிரிப்பது நின்றது. பக்கத்து வீட்டுக்காரி வேறு வாசலில் நின்று, “கோர்ட்டு இங்கன கூப்பிடு தூரத்துல இருக்கு, ஒங்க பேத்தி எதுக்குக்கா பம்பாயைப் பிடிச்சுத் தொங்குது?” என்பாள்.

“தொங்குற கைக்கு வலு இருக்கு, தொங்குது. ஒனக்கு எங்கன வலிக்குது?” என்று கேட்டேன். பிறகு அவள் கேட்கவில்லை.

ஒருநாள் இவளே வந்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள்.

“அம்மாச்சி, எடுக்குற பிள்ளைக பேரையெல்லாம் பாத்தேன். பேரைப் பாத்தாலே வக்கீல் வீட்டுப் பிள்ளைன்னு தெரியுது. தாத்தா பேரு நம்ம ஊரைக் காட்டிக் குடுக்குதோன்னு இருக்கு. அதை எடுத்துட்டுப் போட்டுப் பாக்கவா?”

“எடுத்தா கிடைச்சுருமா?”

“தெரியல.”

“எடுத்துப் பாரு. அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. உசுரோட இருக்கையிலயே அவரு பேரைப் பாதியாத்தான கூப்பிட்டாக.”

அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, அன்று எனக்குக் காப்பி இறங்கவில்லை. அவள் தாத்தா பேரை எடுத்துவிட்டு, குடும்பப் பேர் கேட்ட இடத்திலும் தன் பேரையே எழுதி ஒரு கம்பெனிக்குப் போட்டாள். அதற்கும் பதில் வந்தது. தாத்தா பேர் இல்லாமல் இவள் பேருக்கே அன்புள்ள போட்டு, அதே மாதிரி வருந்தியிருந்தார்கள்.

“பாத்தியா? பாவம், செத்தவரு மேல பழியப் போட்ட,” என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான். பேரை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

அந்தப் பேரோடு போட்ட ஒன்றுக்குத்தான் பேட்டிக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது. பம்பாய்க்குப் போக வேண்டியதில்லை, கம்ப்யூட்டரிலேயே முகம் பார்த்துப் பேசுவார்கள். சொன்ன நேரத்துக்கு முன்னால் இவள் தலைசீவி, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்தாள். பக்கத்து மனையில் புது வீடு கட்டுகிறார்கள். சரியாக அப்போது பார்த்து டைல்ஸ் அறுக்கிற மிசினைப் போட்டுவிட்டார்கள். காது கிழிந்தது. நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

“ஏப்பா, செத்த நேரம் நிப்பாட்டுங்கப்பா. எம் பேத்தி பம்பாய்ல பேசுது.”

“பம்பாய்லயா? மாப்ளையா ஆத்தா?” என்றான் மிசின் பிடித்திருந்தவன்.

“மாப்ள கிடக்கான். வேலைக்குப்பா.”

“அப்படிச் சொல்லு. நாங்க டீ குடிச்சிட்டு வாரோம். பிள்ளைய நல்லாப் பேசச் சொல்லு.”

திரும்பி வந்து, கம்ப்யூட்டரில் நான் தெரியாதபடி அடுப்படி நிலையை ஒட்டி நின்றேன். கம்ப்யூட்டரில் ஓர் அம்மாள் பேசினாள். இவள் இங்கிலீஷில் பதில் சொன்னாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நடுவில் அந்த அம்மாள் என் வீட்டுக்காரர் பேரைச் சொல்ல முயன்று, ழ வராமல் தடுக்கி நின்றாள். இவள் நிதானமாகச் சொல்லிக் காட்டினாள். அந்த அம்மாள் திருப்பிச் சொன்னாள், தப்பு. மறுபடியும் கேட்டு, மறுபடியும் சொன்னாள். சரியாக வரும்வரை அந்த அம்மாள் விடவில்லை. எங்கள் ஊரில் நாங்களே அதை ள என்றுதான் சொல்வோம். எங்கோ இருக்கிற ஒருத்தி அவர் பேரைச் சரியாகச் சொல்ல மெனக்கெட்டதைக் கேட்டபோது எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்துவிட்டேன்.

கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து வருத்தம் வந்தது.

அன்று இவள் முகம் கழுவவில்லை, சாப்பிடவும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டே அம்மாவுக்குப் போன் போட்டு, “சரிம்மா. பேங்க் பரீட்சைக்குப் புக்கு வாங்கிக்கிறேன்,” என்றாள். நான் அவள் காலடியில் போய் உட்கார்ந்தேன்.  அவள் திரும்பாமலே கேட்டாள்.

“ஒன்னைய யாராச்சும் வேணாம்னு சொல்லியிருக்காகளா அம்மாச்சி?”

“சொல்லக்கூட மாட்டாக ஆத்தா. நடவுக்கு ஆள் எடுக்கையில வரப்புல வரிசையா நிப்போம். தாடையை ஆட்டி, நீ இறங்கு, நீ இறங்குன்னுவாக. இறங்கச் சொல்லாதவுக வீட்டுக்குத் திரும்பிருவோம்.”

“ஏன்னு கேக்க மாட்டியா?”

“ஏன்னா? கேட்டா மறுநாளும் கிடைக்காது. அப்படிக் கேட்டவுகளை நான் பாத்ததே இல்ல.”

சுவர்ப் பக்கமிருந்து என் பக்கம் திரும்பினாள். அப்புறம் எழுந்து உட்கார்ந்து முடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

“நான் கேக்கப் போறேன்.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “வேணாம்டி. கோவிச்சுக்குவாக. இனிமே நம்ம பேரையே எடுத்துப் பாக்க மாட்டாக,” என்றேன். அவள் கேட்கவில்லை. என்னிடம் குறை என்ன என்று சொன்னால் திருத்திக்கொள்வேன் என்று மரியாதையாக எழுதி, அந்த அம்மாளுக்கே அனுப்பிவிட்டாள். நான் அழகர் மலைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன், அவர்கள் கோபப்படக் கூடாதே என்று.

பதில் வந்தது. இந்த முறை வருந்தவில்லை. அந்த அம்மாள் தன் கைப்படவே எழுதியிருந்தாள் போலிருக்கிறது. இவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். உன் எழுத்து தெளிவாக இருக்கிறது. நான் கேட்ட ஒரு கேள்விக்கு உனக்குப் பதில் தெரியவில்லை, தெரிந்த மாதிரி சொன்னாய். தெரியாது என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். இந்த வேலையில் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர்தான் வேண்டும். டிசம்பர் லீவுக்கு மறுபடியும் எழுது.

“நெசமாவே அப்படித்தான் சொன்னியா?” என்றேன்.

“ஆமா அம்மாச்சி. வாய்க்கு வந்ததை அளந்து விட்டேன். கண்டுபிடிச்சிருச்சு,” என்று தலையில் அடித்துக்கொண்டாள். முகம் மட்டும் தெளிந்துவிட்டது.

நான் எழுபத்து மூன்று வருசம் இருந்துவிட்டேன். வேண்டாம் என்று சொன்னவர்களிடம் ஏன் என்று கேட்கலாம் என்பதும், கேட்டால் அதற்கு அவர்கள் உட்கார்ந்து பதில் எழுதுவார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. வரப்பில் என்னோடு நின்றவர்கள் எத்தனை பேர்! ஒருத்தியும் கேட்டதில்லை. என் கையால் சோறு தின்று வளர்ந்த பிள்ளை கேட்டுவிட்டாள். அதைப் பார்க்கத்தான் இத்தனை நாள் உயிரோடு இருந்தேனோ என்னவோ.

மே மாதத்துக்கு இடம் கிடைக்காமலே போனது. அந்த மாதம் இங்கேயே ஒரு பெண் வக்கீலிடம் காகிதம் எடுத்துக் கொடுக்கப் போனாள். அம்மாவிடம், பேங்க் பரீட்சை இப்போது வேண்டாம், டிசம்பர் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டாள். மகள் என்னிடம் போனில், “நீங்களும் அவளோட சேந்துக்கிட்டீங்களாம்மா?” என்று சலித்துக்கொண்டாள். சேர்ந்துகொண்டேன்தான்.

நேற்று டிசம்பருக்கு எழுதிப் போட்டுவிட்டாள், அந்த அம்மாள் கம்பெனிக்கும், இன்னும் பல கம்பெனிகளுக்கும். எடுப்பார்களா என்று தெரியாது. வேண்டாம் என்றால் கேட்பாள்.

இங்க வாடி ஆத்தா. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு, உக்காரு. இதை முதல்ல இருந்து சத்தமா வாசிச்சுக் காட்டு. திருத்துறதெல்லாம் வேணாம், வாசி.