பொத்தான் டப்பாவில் இருந்த குட்டை மாத்தா

மார்ச் பதினான்கு, சனிக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன்; செடிகளுக்குத் தண்ணீர், பாசாரில் மீன், பத்தரைக்குத் துணி மடிப்பு. பதினொரு மணிக்குத் தங்கை வள்ளி, கடலுக்கு அக்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து ஃபோனில் அழைத்தாள். அவள் பேச்சுக்குப் பின்னால் டிரில்லின் முனகல் கேட்டதும், சூடேறிய இரும்பின் வாசனை என் மூக்கில் ஏறியது.

அது அப்பாவின் டிரில். கழுத்து மடங்கியிருப்பதால் வீட்டில் அதற்குக் "கோழிக்கழுத்து" என்று பெயர். ஜார்ஜ் டவுன் வீடுகளில் அலமாரி பொருத்திவந்த அப்பா, இடுக்கான மூலைகளில் அதைத்தான் நுழைப்பார். கடையில் விற்ற "மாத்தா", அதாவது துளை போடும் கம்பி, அந்த மூலைகளுக்கு நீளம். அதனால் வழவழப்பான அடிப்பக்கத்தைச் சாணையில் நறுக்கிக் குட்டையாக்கி, டிரில்லின் மூன்று தாடைகளும் வழுக்காமல் கவ்வும்படி மூன்று பக்கமும் பட்டையாகத் தேய்க்க வேண்டும்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, வள்ளிக்கு ஒன்பது. ஒரு பள்ளி விடுமுறையில் ஆளுக்கொன்று தேய்த்தோம். நான் அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்துத் தேய்த்தேன். அவள் கட்டைவிரலால் தடவிப் பார்த்தே தேய்த்தாள். அவளுடையது அசையாமல் சுழன்றது.

"சின்னவ கையிலேயே அளவு வச்சிருக்கா. உன்னோடது டான்ஸ் ஆடுதும்மா" என்று அப்பா சிரித்தார். அவளுடையதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதன்பின் தினமும் அது அவர் நெஞ்சருகே வேலைக்குப் போனது. என்னுடையது டின்னில் கிடந்தது.

மூன்று வாரம் பொறுத்தேன். ஒரு மாலை, துடைத்து எண்ணெய் தடவச் சொல்லி அதை அவளிடம் கொடுத்தார். அவள் ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தூங்கினாள். விடிவதற்குள் அது என் பொத்தான் டப்பாவுக்குள் இருந்தது. தேடிச் சலித்த அப்பா என்னுடையதை எடுத்துப் போனார். அது தள்ளாடி, ஒரு வீட்டின் புது அலமாரிக் கதவைக் கீறிவிட்டது. திரும்பி வந்தவர் வள்ளியிடம், "பொறுப்பில்லாத கை. இனிமே சாணைப் பக்கம் வராதே" என்றார். அவள் அழுதாள். அப்போதே டைரி எழுதும் வழக்கமுள்ள நான் அன்று எழுதியது: "மழை. மதியம் சாம்பார்."

கடைசிக் காலத்தில் அப்பா டிரில்லை அவளுக்கே கொடுத்தார். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

"கடையில வாங்குனது மூலைக்குள்ள போக மாட்டேங்குதுக்கா. நான் தொலைச்சேனே, அந்தக் குட்டை மாத்தா இருந்தா அஞ்சு நிமிஷ வேலைலா" என்றாள் வள்ளி ஃபோனில்.

"நீயே ஒண்ணு தேயேன்."

"நானா? அப்பாதான் சொல்லிட்டாரே, பொறுப்பில்லாத கைன்னு!" அவள் சிரித்தாள்.

சாணை இல்லை, அப்பா இல்லை, நாங்கள் இருந்த வாடகை வீடு காப்பிக் கடையாகிவிட்டது. பொத்தான் டப்பா மட்டும் என் அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது.

மறுநாள் எழுந்ததும், செடிகளுக்குத் தண்ணீர்கூட ஊற்றாமல், முதலில் அந்தப் பழைய டைரியை எடுத்தேன். "மதியம் சாம்பார்" என்பதன் கீழே, "மாத்தாவை எடுத்தது நான்" என்று எழுதி, மாத்தாவை அந்தப் பக்கத்திலேயே வைத்து மூடி எடுத்துக்கொண்டு, வள்ளி வீட்டுக்குப் போக ஃபெர்ரிக்குக் கிளம்பினேன்.