பல்லைக் காட்டிய படகு

அண்ணன் கட்டைவிரலைப் படகின் வயிற்றில் அழுத்தி எடுத்து, நாடி பார்க்கும் வைத்தியர்போலக் கண்ணை மூடிக்கொள்கிறார். பூச்சில் தடம் விழுந்து, கையுறையில் பிசின் ஒட்டாமல் வந்தால், "பதம் வந்துருச்சு!" அடுத்த கோட் அடிக்கலாம். பூச்சு இறுகிப்போய் "முத்திருச்சு" என்றால் தலையெழுத்து. முழுப் படகையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகுதான் மறுபடி பூச முடியும்.

படகுத் தளத்தில் அவருக்குப் பெயரே 'கட்டைவிரல்' அண்ணன்தான். தண்ணீர் ஊறி அடிப்பாகம் கொப்புளம் போடாமலிருக்க எபாக்சிப் பிசின் பூசுவது தொழில். விரலுக்குத்தான் எது படகு, எது பண்டம் என்று தெரியாது. டீக்கடையில் பன்னை அமுக்குவார். "அண்ணே, அது காஞ்சுதான் வந்துருக்கு, எடுத்துத் தின்னுங்க!" என்று கடைக்காரர் கத்துவார்.

பிசினில் அதை இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்து தருவது அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா. ஒரு கோட் வெள்ளை, அதன்மேல் சாம்பல், மறுபடி வெள்ளை. விட்டுப்போன இடம் தானே கண்ணில் குத்தும். போன வாரம் அது அக்காவின் கண்ணில் குத்தித் தொலைத்தது. படகுக்காரரை வைத்துக்கொண்டே, "அங்க பாருங்க, படகு பல்லைக் காட்டுது!" என்றுவிட்டார். சாம்பலுக்கு நடுவே பளிச்சென்று வெள்ளை. படகுக்காரர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அண்ணன் முகத்தை ஏழு முழத்துக்குத் தூக்கிவைத்துக்கொண்டார். தளத்தில் எடுபிடியாக நின்ற, எங்கள் வம்சத்தின் முதல் பட்டதாரியான நான் இருவருக்கும் நடுவே தூதுவன் ஆனேன்.

"தம்பி, அடுத்த கோட்டுக்குக் கலக்கச் சொல்லுங்க."

"தம்பி, அவருக்கு வாய் எங்க போச்சுன்னு கேளுங்க."

"தம்பி, வெயில் ஏறுதுன்னு சொல்லுங்க."

"ஏறட்டும். உப்புத்தாள் நிறைய இருக்கு. உக்காந்து தேய்க்கச் சொல்லுங்க."

அண்ணன் விரலை அழுத்தினார். தடம் பாதிதான் விழுந்தது. சற்றுத் தள்ளி அழுத்தினார், அங்கே கால்வாசி. படகைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"இந்தாம்மா... கலக்கேன்."

"எதுக்காம்?"

"அதான்... படகு பல்லைக் காட்டுதுல்ல."

அக்கா முந்தானையால் சிரிப்பை மூடிக்கொண்டு டப்பாவைத் திறந்தார். அதன்பின் இருவருக்கும் மூச்சுவிட நேரமில்லை. கலந்த பிசின் சூடேறி டப்பா கையில் சுடச்சுட அக்கா ஊற்ற, அண்ணன் உருளையால் உருட்ட, கடைசி முழத்தை எட்டிப்பிடித்தபோது படகுக்காரர் ஏப்பம் விட்டபடி திரும்பி வந்தார்.

"என்னண்ணே, பல்லு கட்டியாச்சா?"

அண்ணன் படகுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கைவிளக்கைத் துணியால் துடைத்து, அக்காவிடம் நீட்டினார். விட்டுப்போன இடம் உண்டா என்று அக்கா குனிந்து பார்க்க வசதியாகத் தள்ளி நின்றுகொண்டார்.